கழிவுநீரில் உயிர்ச்சோதனை: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

குன்னூர்வாசி
ஆலையின் பெயர் வேண்டாம். பிஓடி, சிஓடி (நீரிலுள்ள மாசு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்று காட்டும் அளவுகள்) எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தன. மீதமிருந்த மாதிரியில் டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சியின் குஞ்சுகளை விட்டோம். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாதவை. 48 மணி நேரம் முடிந்தபோது பெரும்பாலானவை அடியில் கிடந்தன. குடுவையை மெல்ல அசைத்தபின் 15 விநாடிக்குள் நீந்தாவிட்டால் 'அசைவற்றது' என்று எழுத வேண்டும், அதுதான் முறை. ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். ஒளி ஊடுருவும் உடலுக்குள், முதுகுப் பக்கத்தில், இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. இன்னும் மனம் ஒப்பவில்லை.

கோத்தகிரி ஆசிரியை
கழிவுநீரில் வேர் இறங்குகிறதா என்று பார்க்க வழக்கமாக வைக்கும் வெங்காயத்துக்குப் பதிலாக எங்கள் பள்ளியில் மலைப்பூண்டு. தைலம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து வழியும் தண்ணீர் ஒரு குவளையில், ஊற்றுத் தண்ணீர் மற்றொன்றில். ஊற்றுத் தண்ணீரில் வேர் வெள்ளை வெளேரென்று இறங்கியது. மற்றதில் முளைத்த இடத்திலேயே நுனி பழுப்பேறி மடங்கிவிட்டது. கொட்டகைக்காரரின் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். அளவுகோலை வைத்து வேரை அளந்தவளும் அவளே. அளவைச் சொன்னாள், வேறெதுவும் பேசவில்லை.

கொடைக்கானல்காரன்
குன்னூர்வாசியோடு எனக்கு உடன்பாடில்லை. நீந்த முடியாத உயிர் ஓடையில் பிழைக்காது. அதனால்தான் அசைவை அளக்கிறார்கள். மீன் சோதனைதான் எனக்கு உறுத்தல். தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன்கள் உயிரோடிருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. நான் பார்த்த தொட்டியில் எல்லாமே பிழைத்தன, ஆனால் எல்லாமே நீர்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி. 'தேறியது' என்று எழுதிவிட்டார்கள். பாதரசம் நான்கு நாளில் தன்னைக் காட்டிக்கொள்ளுமா? 2001-ல் இங்கே வெப்பமானி ஆலை மூடப்பட்டபின், மரங்களிலும் பாறைகளிலும் படரும் லைக்கன்களிலும் பாசியிலும் சேர்ந்திருந்த பாதரசத்தை ஆய்வாளர்கள் அளந்தார்கள்.

ஆசிரியைக்கு ஒரு வார்த்தை. தைலத் தண்ணீரைப் பாதி, கால், அரைக்கால் என்று ஊற்றுத் தண்ணீரில் கலந்தும் வையுங்கள். எந்த அளவில் வேர் மறுபடி இறங்குகிறது என்று தெரியும். குளிரில் வேர் மெதுவாகத்தான் வளரும், எனவே குவளைகள் ஒரே அலமாரியில் இருக்கட்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ச்சும் வேளையில் எடுத்த தண்ணீரும் அடுப்பு ஓய்ந்தபின் எடுத்ததும் ஒன்றல்ல, நேரத்தைக் குறியுங்கள். நம் ஓடைகளில் கால்சியம் குறைவு. செம்பு, துத்தநாகம் போன்றவை இத்தகைய மென்னீரில் கடுமையாகத் தாக்கும். சமவெளிக் கடினநீரில் செய்த சோதனையை யாராவது காட்டினால் அப்படியே ஏற்காதீர்கள்.

குன்னூர்வாசி
அசைவை அளப்பதை நான் மறுக்கவே இல்லை. துடிப்பு நிற்காதவற்றை நல்ல தண்ணீருக்கு மாற்றினால் எத்தனை எழும் என்று பார்க்க அனுமதி கேட்டேன். முறையில் அது இல்லை என்று குடுவைகளைக் கழுவச் சொல்லிவிட்டார்கள்.