ஹேக்சா பிளேடா, சமன்பாடா? அதிர்வியலை எங்கே தொடங்குவது

பாளைக்காரன்:
மெக்கானிக்கல் மாணவர்களுக்கு அதிர்வியல் நடத்துகிறேன். வரும் பருவத்தில் முதல் 3 வாரம் ஆய்வகத்தில்தான் வகுப்பு, அப்புறம்தான் சமன்பாடு என்று முடிவு செய்திருக்கிறேன். காரணம் ஒரு ஹேக்சா பிளேடு. வைஸில் இறுக்கி 20 செ.மீ. வெளியே விட்டுச் சுண்டினால் நொடிக்கு 13 முறை அளவில் ஆடும். 10 செ.மீ. ஆக்கினால் எவ்வளவு என்று கேட்டேன். வகுப்பே 26 என்றது. அளந்தால் 50 வருகிறது! நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்கு. அந்தச் சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதியவர்களும் 26தான் சொன்னார்கள்.

கயத்தாறு காற்று:
அண்ணாச்சி, எனக்கு உடன்பாடில்லை. நான் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் கோபுரத்தடியில் போன் மைக்கை நீட்டிவிட்டு, இறக்கையால் அதிர்வே இல்லை என்றான். நிமிடத்துக்கு 15 சுற்று, மூன்று இறக்கை. கோபுரத்தை நொடிக்கு 0.75 முறைதான் ஓர் இறக்கை கடக்கும். அது மைக்குக்கு எட்டுகிற சங்கதி இல்லை. அதோடு, அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் மாதிரி எடுக்காவிட்டால், அதாவது நொடிக்கு அத்தனை முறை அளந்து பதியாவிட்டால், இல்லாத அதிர்வு திரையில் தெரியும். சுண்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

மகுடம் பேரன்:
எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் கணியான் கூத்துக்கு மகுடம் என்கிற தோல் வாத்தியத்தைத் தீயில் காய்ச்சுவார்கள். தோல் இறுகும், சுருதி ஏறும். அதைப் பார்த்து வளர்ந்ததால் இழுவிசைப் பாடம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கல்லூரி ஆய்வகம் வேறு கதை. ஒலியின் வேகம் நொடிக்கு 332 மீட்டர் என்று சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். அது 0 டிகிரிக்கு. மே மாத வெயிலில், 35 டிகிரியில், ஒத்ததிர்வுக் குழாயில் ஒழுங்காக அளந்து 351 எழுதிய நண்பனுக்கு மார்க்கைக் குறைத்தார்கள். இன்னும் ஆறவில்லை.

கயத்தாறு காற்று:
டிகிரிக்கு 0.6 மீட்டர் கூடும் என்ற கணக்கு கையில் இருந்திருந்தால் அவர் வாதாடியிருப்பார். நான் சொல்வதும் அதுதான்.

பாளைக்காரன்:
அளக்காமல் இருந்திருந்தால் வாதாட என்ன இருக்கிறது தம்பி? மாதிரி எடுக்கும் வேகம் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதைக் கரும்பலகையில்தான் நடத்த வேண்டும். மூன்றாவது வாரத்தை அதற்கு விடுகிறேன். முதல் இரண்டு வாரத்தை விட மாட்டேன். உங்கள் கோபுரத்தில் முடுக்கமானி (அசைவை நேரடியாக உணரும் கருவி) வைத்து எடுத்த பதிவு ஒன்று கிடைக்குமா? அந்த 0.75ஐப் பிள்ளைகளே தேடட்டும்.