முதல் பீர்: ஐந்தாம் நாளே ஏர்லாக் அடங்கிவிட்டது, கெட்டுப்போச்சா?

கேள்வி:
முதன்முறையாக வீட்டில் பீர் போட்டிருக்கிறேன். மால்ட் எக்ஸ்ட்ராக்டில் (முளைகட்டிய தானியத்தின் கெட்டிச் சாறு) செய்த ஏல் வகை பீர், 20 லிட்டர். தொடக்கத்தில் ஹைட்ரோமீட்டர் (தண்ணீரோடு ஒப்பிட்டு அடர்த்தியைக் காட்டும் மிதவை; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற எண் இறங்கும்) 1.048 காட்டியது. 11.5 கிராம் உலர் ஈஸ்ட் தூவினேன். மறுநாள் காலையிலேயே ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி அடைப்பு) கடகடவென்று குமிழி விட ஆரம்பித்தது. மூன்று நாள் அதன் முன்னாலேயேதான் உட்கார்ந்திருந்தேன். நேற்றிலிருந்து சத்தமே இல்லை. பயந்துபோய் மூடியைத் திறந்து பார்த்தேன், ஒரு முறை. சரி, மூன்று முறை. வாளியின் உட்சுவரில் பழுப்பு நிற வளையம் ஒட்டியிருக்கிறது, மேலே வெளிறிய திட்டுகள் மிதக்கின்றன. ஈஸ்ட் செத்துவிட்டதா? இன்னொரு பாக்கெட் போடலாமா?

பதில் 1:
எதையும் போடாதீர்கள். மூடியிலிருந்து கையை எடுங்கள், அதுதான் முதல் வேலை. நொதித்தல் மும்முரமாக இருக்கும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு, காற்றைத் தள்ளி வைத்துக்கொண்டிருக்கும். வேகம் குறைந்த பிறகு திறந்தால் உள்ளே ஆக்சிஜன்தான் போகும். பிற்பாடு பீரில் ஈர அட்டைப்பெட்டி வாடை அடிக்கும்.

அந்த வளையம் நுரை பொங்கி வடிந்த தடம். திட்டுகள் ஈஸ்ட் கூட்டம். இரண்டுமே நல்ல அறிகுறிதான். மேற்பரப்பு முழுக்க வெள்ளை ஏடு சுருக்கம் சுருக்கமாகப் படர்ந்தாலோ, பச்சை, கறுப்பில் பூஞ்சணம் பூத்தாலோ அப்போது கவலைப்படுங்கள்.

பதில் 2:
ஏர்லாக் அளவுகோல் இல்லை. மூடி ஓரத்தில் இம்மி இடைவெளி இருந்தால் போதும், வாயு அந்த வழியே போய்விடும், குமிழி வராது. முடிந்துபோன பீரிலும் அறை சூடேறினால் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். குழாய் வழியாக மாதிரி எடுத்து அளந்து சொல்லுங்கள். எடுத்த மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்ற வேண்டாம், குடித்துப் பாருங்கள். அறை வெப்பம் எவ்வளவு?

கேட்டவர்:
அறை 18 டிகிரி. இப்போதுதான் அளந்தேன், 1.022. பாதியில் நின்றுவிட்டது, இல்லையா? சுவை பச்சை ஆப்பிள் மாதிரி இருக்கிறது.

பதில் 2:
மாதிரியில் வாயு இருக்கிறதா? ஹைட்ரோமீட்டரில் குமிழி ஒட்டினால் அது மேலே தூக்கப்பட்டு, உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி வாயுவைப் போக்குங்கள். அப்புறம் கருவியை லேசாகச் சுழற்றிவிட்டுப் படியுங்கள். உங்கள் கருவி எந்த வெப்பத்துக்கு அளவிடப்பட்டது என்பதையும் பாருங்கள், பெரும்பாலும் 20 டிகிரியாக இருக்கும்.

பச்சை ஆப்பிள் வாசம் அசிட்டால்டிஹைடு. ஈஸ்ட் வேலையை இன்னும் முடிக்கவில்லை என்று அர்த்தம். கடைசியில் அதை ஈஸ்டே எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
ஆற்றி அளந்தால் 1.018!

பதில் 1:
அப்படியென்றால் நிற்கவில்லை. முதல் மூன்று நாள் நொதித்தலே சூடு தந்திருக்கும், வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடவே இருந்திருக்கும். வேகம் குறைந்ததும் அந்தச் சூடும் போய்விட்டது. வாளியை 20, 21 டிகிரி உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். மூடியைத் திறக்காமல் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் படிந்த ஈஸ்டைக் கிளப்பிவிடுங்கள். கலக்கோ கலக்கென்று கலக்கிவிடாதீர்கள். நான்கு நாள் அந்தப் பக்கமே போக வேண்டாம். (நான் முதல் பீரில் தினமும் மாதிரி எடுத்தேன். பாட்டிலில் அடைக்க மிஞ்சியது கொஞ்சம்தான்.)

கேட்டவர் (ஒன்பதாம் நாள்):
1.012. ஆப்பிள் வாசம் ஏறக்குறைய போய்விட்டது. இன்றே பாட்டிலில் அடைக்கலாமா? தவிர, மூடியின் ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடிந்திருந்ததை இன்றுதான் பார்த்தேன்.

பதில் 2:
குமிழி நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும். இன்றே வேண்டாம். ஒரே அளவு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை வர வேண்டும். சர்க்கரை மிச்சமிருக்கும்போது அடைத்தால் அது பாட்டிலுக்குள்ளே நொதித்து, அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு விளையாட்டில்லை.

கேட்டவர் (பன்னிரண்டாம் நாள்):
மறுபடியும் 1.012. கணக்குப் போட்டேன்: 1.048 கழித்தல் 1.012, பெருக்கல் 131. ஆல்கஹால் சுமார் 4.7 சதவீதம். பாட்டிலில் வாயு ஏறுவதற்குச் சர்க்கரை எவ்வளவு போட வேண்டும்?

பதில் 1:
லிட்டருக்கு 6 கிராம். ஆனால் 20 லிட்டருக்குக் கணக்குப் போடாதீர்கள்; மண்டியை விட்டுவிட்டு மேலே தெளிவாக நிற்பதை அளந்து, அதற்குப் போடுங்கள். தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறியதும் சேர்த்து, பாட்டிலில் அடையுங்கள். இரண்டு வாரம் 20 டிகிரியில் வையுங்கள்.

கேட்டவர்:
நடுவில் ஒன்றைத் திறந்து பார்க்கலாமா?

பதில் 1:
ஒரு வாரம் கழித்து ஒன்று. ஒன்றே ஒன்று.