புதிய விண்டோஸ் போட்ட பிறகு இரண்டாவது ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்புகள் திறக்கவில்லை

கேள்வி: கோத்தகிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வசிக்கிறேன். எங்கள் மேசைக் கணினியில் விண்டோஸ் 10 இருந்த சிறிய எஸ்எஸ்டி ஒன்றும், கோப்புகளைச் சேமிப்பதற்கென்றே வைத்திருந்த 2 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றும் இருந்தன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், ஊட்டியில் ஒரு கடையில் கொடுத்து, புதிய எஸ்எஸ்டி பொருத்தி, அதில் விண்டோஸ் 11 போட்டு வாங்கி வந்தோம். பழைய எஸ்எஸ்டியை ஓர் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்; அது பீரோவில் இருக்கிறது. 2 டிபி டிஸ்கில் யாரும் கை வைக்கவில்லை.

இப்போது அந்த டிஸ்க் ஈ டிரைவாகத் தெரிகிறது. பசுந்தேயிலை எடைக்கணக்கு வைத்திருக்கும் ஃபோல்டர் வழக்கம்போலத் திறக்கிறது. ஆனால் 'அப்பா' என்ற ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வருகிறது. 'கன்டினியூ' பொத்தானை அழுத்தினாலும் சிறிது நேரம் சுற்றிவிட்டு மறுபடியும் மறுத்துவிடுகிறது. 'பத்திரங்கள்' என்ற ஃபோல்டரில் இன்னொரு வகைச் சிக்கல்: ஃபோல்டர் திறக்கிறது, கோப்புகளின் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, ஆனால் பட்டா, கிரயப் பத்திரம் ஆகியவற்றின் ஸ்கேன் பிரதிகள் ஒன்றுகூடத் திறப்பதில்லை. அந்தக் கோப்புகளின் மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருக்கிறது. பழைய விண்டோஸில் வைத்திருந்த அதே பயனர் பெயரையும் அதே கடவுச்சொல்லையும்தான் புதியதிலும் வைத்திருக்கிறேன்.

கடையில் தொலைபேசியில் கேட்டபோது, டிஸ்கை ஃபார்மட் செய்துவிட்டு ரெக்கவரி மென்பொருள் கொண்டு கோப்புகளை எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. 'அப்பா' ஃபோல்டரில் இருப்பவை, பேரகணியில் நடக்கும் ஹெத்தையம்மன் பண்டிகையை என் தந்தை பல ஆண்டுகள் கேசட்டில் எடுத்து, பிறகு கணினிக்கு மாற்றிய காட்சிகள். அதில் பாடும் பெரியவர்களில் பலர் இன்று இல்லை. கேசட்டுகளும் இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. ஃபார்மட் செய்யாமல் இவற்றை மீட்க வழி இருக்கிறதா?

பதில் 1: குன்னூர் வன்பொருள்

சகோதரிக்கு வணக்கம். முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: எந்தக் காரணத்தைக் கொண்டும் அந்த டிஸ்கை ஃபார்மட் செய்ய விடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் டிஸ்கில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கோப்புகள் முழுமையாக இருக்கின்றன, அவற்றைத் திறக்கும் உரிமைதான் புதிய விண்டோஸுக்கு இல்லை. பழுதில்லாத டிஸ்கை ஃபார்மட் செய்து பிறகு மீட்பது என்பது தேவையற்ற ஆபத்து. அதிலும் பூட்டுப் படம் போட்ட கோப்புகளை எந்த ரெக்கவரி மென்பொருள் எடுத்துக் கொடுத்தாலும் அவை பூட்டிய நிலையிலேயேதான் வரும்.

உங்களுக்கு இருப்பது ஒரு சிக்கல் அல்ல, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். 'அப்பா' ஃபோல்டரில் இருப்பது அனுமதிச் சிக்கல். விண்டோஸ் ஒரு கோப்பு யாருடையது என்பதைப் பயனர் பெயரை வைத்துக் குறித்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் அது உருவாக்கும் நீண்ட அடையாள எண்ணை வைத்தே குறித்துக்கொள்கிறது. ஒரே பெயரில் இருவர் இருந்தாலும் குடும்ப அட்டை எண் வேறாக இருப்பதைப் போல, பெயரும் கடவுச்சொல்லும் மாறாவிட்டாலும் புதிதாகப் போட்ட விண்டோஸில் உங்கள் எண் வேறு. தேயிலைக் கணக்கு மட்டும் ஏன் திறக்கிறது என்றால், அந்த ஃபோல்டருக்குப் பொதுவான பயனர் குழுவுக்கு உரிய அனுமதி இருந்திருக்கும். அத்தகைய குழுக்களின் எண் எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான்.

'பத்திரங்கள்' ஃபோல்டரில் இருப்பது மறையாக்கம், அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்புகளை மாற்றிவைப்பது. பழைய விண்டோஸில் யாரோ அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'என்கிரிப்ட் கன்டென்ட்ஸ்' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள். இதை இஎஃப்எஸ் என்பார்கள். ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது என்பதால் உங்கள் பழைய விண்டோஸ் புரோ பதிப்பாக இருந்திருக்க வேண்டும். இந்தக் கோப்புகளுக்கான திறவுகோல் 2 டிபி டிஸ்கில் இல்லை. பழைய கணக்கின் சொந்தக் கோப்புகளோடு பழைய எஸ்எஸ்டியில் இருக்கிறது. ஓனரை மாற்றினாலும் அனுமதி கொடுத்தாலும் இவை திறக்கமாட்டா. ஆகவே உங்கள் பீரோவில் இருக்கும் அந்த உறைதான் இப்போது வீட்டில் உள்ள மிக முக்கியமான பொருள். அதை யாருக்கும் கொடுக்காதீர்கள், வேறு கணினியில் செருகி அழித்துப் பயன்படுத்தவும் விடாதீர்கள்.

எந்த வேலையை முதலில் செய்கிறோம் என்பது இதில் முக்கியம். புதிய விண்டோஸில் எதையும் மாற்றாமல், பழைய எஸ்எஸ்டியிலிருந்து கணினியைத் தொடங்கிப் பூட்டை முதலில் எடுத்துவிட வேண்டும். கணினியை அணைக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், சாதாரணமாக அணைக்கும்போது கணினி முழுமையாக அணைவதில்லை. அந்த அரைகுறை நிலையில் டிஸ்கில் வேறொரு விண்டோஸ் எழுதத் தொடங்கினால் கோப்பு அமைப்பே குழம்பிப்போகும் வாய்ப்பு உண்டு. அணைந்த பிறகு மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, புதிய எஸ்எஸ்டியைக் கழற்றி, பழையதைப் பொருத்துங்கள். 2 டிபி டிஸ்க் அப்படியே இருக்கட்டும்.

பழைய விண்டோஸ் வந்ததும் பழைய கடவுச்சொல்லைக் கொடுத்தே உள்ளே செல்லுங்கள். கடவுச்சொல் நினைவில் இல்லை என்று எவராவது பென்டிரைவ் கருவி கொண்டு அதை அழித்துக் கொடுக்க முன்வந்தால் மறுத்துவிடுங்கள். இஎஃப்எஸ் திறவுகோல் அந்தக் கடவுச்சொல்லைக் கொண்டுதான் பாதுகாக்கப்படுகிறது, வெளியிலிருந்து அழித்தால் கணக்கு திறக்கும், கோப்புகள் திறக்கா. உள்ளே சென்றதும் இரண்டு ஃபோல்டர்களும் முன்புபோலவே திறக்கும். 'பத்திரங்கள்' மீது வலது சொடுக்குப் போட்டு, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று சென்று, அந்தக் குறியை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தும்படி ஓகே கொடுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் பூட்டுப் படம் மறைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அதன் பிறகு அதே முறையில் முழுமையாக அணைத்து, புதிய எஸ்எஸ்டிக்குத் திரும்பி, 'அப்பா' ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு வழியாகச் சென்று ஓனர் என்ற இடத்தில் உங்கள் புதிய கணக்கைக் கொடுங்கள். கீழே உள் ஃபோல்டர்களுக்கும் ஓனரை மாற்றவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட மறந்தால் மேல் ஃபோல்டர் மட்டும் திறந்து உள்ளே இருப்பவை மறுபடியும் மறுக்கும். பிறகு உங்கள் கணக்குக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள். வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள்; முழு டிரைவுக்கும் செய்யத் தேவையில்லை.

பதில் 2: கொடைக்கானல் லினக்ஸ் பயனர்

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எதையும் தொடுவதற்கு முன்பு தந்தையாரின் காட்சிகளை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கினால், பெரும்பாலும் அது விண்டோஸின் அனுமதிகளைக் கணக்கில் கொள்ளாமல் கோப்புகளைப் படித்துவிடும். 'அப்பா' ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி டிஸ்குக்கு இழுத்துவிடலாம். மறையாக்கம் செய்த கோப்புகளுக்கு இந்த வழி உதவாது. இதற்கும் விண்டோஸை முழுமையாக அணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லினக்ஸ் அந்த டிஸ்கைத் திறக்க மறுக்கும் அல்லது படிக்க மட்டும் விடும்.

இந்தத் திரியைப் பின்னால் தேடி வருபவர்களுக்காக இன்னொன்று. கோப்பில் அல்லாமல் டிரைவின் மீதே பூட்டுப் படம் இருந்தால் அது இஎஃப்எஸ் அல்ல, முழு டிரைவையும் மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர். இரண்டாவது டிஸ்க் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தவர்கள், அதற்கான திறவுகோல் விண்டோஸ் இருந்த டிஸ்கில்தான் இருந்தது என்பதை மறுபடி நிறுவிய பிறகே அறிகிறார்கள். அவர்களுக்குத் தேவை 48 இலக்க மீட்பு எண். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணையத்தில் இருக்கலாம், அச்சிட்ட தாளாக இருக்கலாம், பென்டிரைவில் ஓர் எழுத்துக் கோப்பாக இருக்கலாம். திரையில் தெரியும் அடையாளக் குறியும் அந்த எண்ணோடு சேர்த்து எழுதியிருக்கும் குறியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லும் இல்லை, மீட்பு எண்ணும் இல்லை என்றால் எந்தக் கடையாலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்பவரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

டிரைவே கண்ணில் படாதவர்கள் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள். பல நேரங்களில் டிரைவ் எழுத்து மட்டும்தான் விடுபட்டிருக்கும். ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். 'இனிஷியலைஸ்' செய்யவா, 'ஃபார்மட்' செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் மட்டும் எதுவும் அழுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்தைப் போலவே உங்கள் பக்கத்திலும் மழை நாளில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பூட்டை எடுக்கும் வேலையையும் நகலெடுக்கும் வேலையையும் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கோத்தகிரி வாசகி

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. லினக்ஸ் வழியில் 'அப்பா' ஃபோல்டர் முழுவதும் வெளி டிஸ்கில் நகலாகிவிட்டது. பாடல்கள் தெளிவாகக் கேட்கின்றன, என் தாயார் அருகில் உட்கார்ந்து கேட்டார். பழைய எஸ்எஸ்டியைப் பொருத்திப் பத்திரங்களின் பூட்டையும் எடுத்துவிட்டோம்.

ஒரு சந்தேகம். பழைய விண்டோஸில் இருந்தபோது, திறவுகோலைச் சேமித்துவைக்குமாறு ஓர் அறிவிப்பு வந்தது. அதன்படி ஒரு பிஎஃப்எக்ஸ் கோப்பைச் சேமித்திருக்கிறேன். அதை இனியும் வைத்திருக்க வேண்டுமா? பழைய எஸ்எஸ்டியை அழித்து என் தம்பியின் கணினிக்குக் கொடுக்கலாமா?

குன்னூர் வன்பொருள்

மிக்க மகிழ்ச்சி. எஸ்எஸ்டியை இப்போதே கொடுக்க வேண்டாம். 'பத்திரங்கள்' தவிர வேறு எங்காவது, குறிப்பாகப் பழைய பென்டிரைவுகளிலும் வெளி டிஸ்குகளிலும், பூட்டுப் படம் போட்ட கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து முடித்த பிறகு கொடுங்கள். பிஎஃப்எக்ஸ் கோப்பையும் அதற்கு நீங்கள் வைத்த கடவுச்சொல்லையும் வைத்திருங்கள். அவை இருந்தால் பிறகு எங்காவது ஒரு கோப்பு பூட்டிய நிலையில் கிடைத்தாலும் திறந்துவிடலாம். ஆனால் அந்தக் கோப்பை இந்த 2 டிபி டிஸ்கிலேயே வைக்காமல் வேறொரு பென்டிரைவில் வையுங்கள். இன்னொன்று, புதிய விண்டோஸ் 11 மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவப்பட்டிருந்தால் அதில் டிரைவ் மறையாக்கம் தானாகவே தொடங்கியிருக்கக்கூடும். செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பகுதி இருக்கிறதா என்று இன்றே பார்த்து, இயங்கிக்கொண்டிருந்தால் அந்த 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி நிலப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.