பிடித்தத்துக்கு முன்னா, பின்னா?

தூத்துக்குடி மகள்:
நேற்று பாளை வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் கொதிக்கிறது. பார்க்காதவர்களுக்காக அந்த வரியை அப்படியே தருகிறேன்: "பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளத்துக்கு மட்டும் தசமபாகம் எடுக்கிறவன் தேவனை வஞ்சிக்கிறான். மல்கியா 3:8." என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் 40,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு 3,600, கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை 1,600, ஆக 5,200 பிடித்துக்கொண்டு 34,800 தருகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அதில் பத்தில் ஒன்றை, 3,480 ரூபாயை, தசமபாகமாக உறையில் போட்டுப் படைக்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் கிடந்த மாதத்திலும் தவறவில்லை. ஐயா கணக்குப்படி நாங்கள் மாதாமாதம் 520 ரூபாய் திருடுகிற குடும்பம். அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும்.

பாளை வாத்தியார்:
மகளே, திருட்டு என்ற சொல் என்னுடையது அல்ல. "மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?" என்று கேட்டது நானும் அல்ல. நீதிமொழிகள் 3:9ஐ எடுத்துப் பாருங்கள்: "உன் பொருளாலும், உன் எல்லா விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு." முதற்பலன் என்றால் முதலில் எடுப்பது. வைப்பு நிதிக்கு முதலில், சங்கத்துக்கு அடுத்து, கர்த்தருக்கு அதற்கும் அடுத்து என்று வரிசை வைத்தால் அது மூன்றாம் பலன். நான் 34 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒரு மாதமும் பிடித்தம் போன தொகைக்குக் கணக்குப் போட்டதில்லை. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடுவார். சோறு வெந்து, பிள்ளைகள் சாப்பிட்டு, மிஞ்சியதில் எடுக்கவில்லை. திருநெல்வேலிச் சபைகள் அந்த அரிசியில்தான் வளர்ந்தன. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்துக்குப் பின்னால் நின்றதும் இப்படிக் கொடுத்துப் பழகிய சனங்கள்தான். 520 ரூபாய் என்பது பெரிய தொகை அல்ல. அதனால்தான் கேட்கிறேன், ஏன் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்?

தூத்துக்குடி மகள்:
"மகளே" என்று அழைத்துக்கொண்டே அறைய வேண்டாம், ஐயா. உங்கள் அம்மாவை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் எடுத்த கைப்பிடி, வீட்டுக்கு வந்து சேர்ந்த அரிசியில் எடுத்தது. நெல்லு மில்லில் தவிடும் உமியும் போனதற்கு அவர் கணக்குப் போட்டாரா? குத்தகைக்கு விட்ட நிலத்தில் குத்தகைக்காரர் பங்கு போனதற்கு ஒரு பிடி எடுத்தாரா? பானைக்குள் இருந்ததைத்தான் எடுத்தார். நாங்களும் பானைக்குள் இருப்பதைத்தான் எடுக்கிறோம்.

நாசரேத்தூரான்:
சகோதரி சொன்னது முற்றிலும் சரி. லேவியராகமம் 27:32ஐயும் வாசியுங்கள், வாத்தியாரே. கோலின் கீழ் கடந்து போகிற ஆடுமாடுகளில் பத்தாவது கர்த்தருக்குரியது. கோலின் கீழ் கடந்ததுதான் எண்ணிக்கை. ஓநாய் தூக்கிக்கொண்டு போன ஆட்டை ஆலயப் பணி செய்த எந்த லேவியனும் எண்ணவில்லை. பெத்தேலில் யாக்கோபு என்ன பொருத்தனை செய்தான்? "தேவரீர் எனக்குத் தரும் எல்லாவற்றிலும் உமக்குத் தசமபாகம் செலுத்துவேன்." எனக்குத் தரும். கைக்கு வராதது எப்படித் தந்தது ஆகும்?

பாளை வாத்தியார்:
"எல்லாவற்றிலும்" என்ற சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள், தம்பி. அதுவும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. வைப்பு நிதி ஓநாயும் அல்ல, தவிடும் அல்ல. உங்கள் பெயரில், உங்கள் கணக்கில், வட்டியோடு வளர்கிற பணம். அது உங்களுடையது அல்ல என்றால் ஓய்வுபெறும் நாளில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவீர்களா? உங்களுடையதுதான். உங்களுடையது என்றால் 40,000. 40,000 என்றால் 4,000. இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது?

தூத்துக்குடி மகள்:
ஓய்வுபெறும்போது அந்தப் பணம் கைக்கு வரும், அப்போது அதற்கும் தசமபாகம் கொடுப்போம், வட்டிக்கும் சேர்த்து. தாமதம் வஞ்சனையா? விளையாத வயலில் அரிவாளோடு போய் நிற்கச் சொல்கிறீர்கள்.

கணக்கர்:
இரண்டு பக்கமும் கணக்குத் தப்பு. வைப்பு நிதி பிற்பாடு கைக்கு வரும், அதனால் இப்போது கழிக்கலாம் என்ற சகோதரியின் வாதத்தை ஏற்றுக்கொள்வோம். ஆனால் சங்கக் கடன் தவணை 1,600? கடன் வாங்கிய நாளில் பணம் கைக்கு வந்து செலவாகிவிட்டது. தவணை என்பது அவர் சம்பாதித்த பணத்தில் அவரே செய்யும் செலவு, அலுவலகம் பிடித்துக் கட்டுகிறது, அவ்வளவுதான். அதைக் கழிக்க முடியாது. ஆக 40,000இலிருந்து 3,600 மட்டும் போனால் 36,400. தசமபாகம் 3,640. குறைவது 520 அல்ல, 160.

தூத்துக்குடி மகள்:
கணக்கர் அண்ணன் வந்து சமாதானம் செய்கிறார் என்று பார்த்தால் 160க்கு ரசீது கிழித்துக் கொடுக்கிறார். அந்தக் கடன் எதற்கு வாங்கினோம் தெரியுமா? என் மாமியாரின் இரண்டு கண்ணுக்கும் அறுவை சிகிச்சை செய்ய. மாற்கு 7இல் ஆண்டவர் யாரைக் கண்டித்தார்? தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லி ஆலயத்துக்கு ஒதுக்கியவர்களைத்தான். "ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால்" அவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் எழுதியிருக்கிறார். மாமியார் இன்று வேதாகமத்தைத் தானே வாசிக்கிறார். அந்த 1,600இலும் பங்கு கேட்கிறீர்களா?

பாளை வாத்தியார்:
நான் 160ஐயும் ஏற்கவில்லை. 520. கொர்பான் பேச்சு இங்கே பொருந்தாது. யாரும் உங்கள் மாமியாரைக் கைவிடச் சொல்லவில்லை. மத்தேயு 23:23இல் நியாயப்பிரமாணத்தைக் கறாராகக் கைக்கொண்ட பரிசேயரை ஆண்டவர் கண்டித்தபோதுகூட, ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்துவதை நிறுத்துங்கள் என்றா சொன்னார்? "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டுமே" என்றார். அஞ்சறைப்பெட்டியில் கிடக்கிற வெந்தயத்துக்கே பத்தில் ஒன்று என்றால், உங்கள் கணக்கில் கிடக்கிற வைப்பு நிதிக்கு விலக்கு எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

நாட்டு மருந்துக் கடைக்காரன்:
ஒரு திருத்தம். அது வெந்தயம் அல்ல. கிரேக்கத்தில் அனேத்தோன். அதாவது சதகுப்பை. பிள்ளை பெற்றவர்களுக்கு லேகியத்தில் சேர்ப்போமே, அது. என் கடையில் வெந்தயம் ஒரு டப்பாவில், சதகுப்பை வேறு டப்பாவில் இருக்கிறது. யூதேயாவிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வேளாங்கண்ணி யாத்திரிகன்:
எங்கள் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் "புதினா, சோம்பு, சீரகம்" என்று இருக்கிறது. உங்கள் பழைய வேதாகமத்தில் ஒற்தலாம் என்ற சொல்லுக்கு உங்கள் சபையில் எத்தனை பேருக்குப் பொருள் தெரியும்?

பாளை வாத்தியார்:
எனக்குத் தெரியும். போர்த்துகீசிய மொழியில் புதினாவுக்கு ஒர்த்தலான் என்று பெயர். 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சான காலத்தில் கடற்கரைப் பட்டணங்களில் போர்த்துகீசியம் பேச்சுமொழியாக இருந்தது. ஒலியைக் கேட்டாலே வந்த வழி புரியும். எங்கள் முன்னோர் அந்தச் சொல்லோடுதான் வேதம் படித்தார்கள். படித்ததற்குக் கீழ்ப்படிந்தார்கள். சோம்பா, வெந்தயமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

நாட்டு மருந்துக் கடைக்காரன்:
சோம்பும் தப்பு. ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பு செய்த குழப்பம் அது. சதகுப்பை. தசமபாகத்தைக் கிராம் கணக்கில் அளக்கிறவர், எதை அளந்தார்கள் என்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

வேளாங்கண்ணி யாத்திரிகன்:
அறிஞர் பலர் கூடிச் செய்த மொழிபெயர்ப்பைக் கடையில் இருந்துகொண்டு தப்பு என்று சொல்கிறீர்கள்.

நாட்டு மருந்துக் கடைக்காரன்:
கடையில் இருப்பதால்தான் சொல்கிறேன். மூன்று தலைமுறையாக.

நாசரேத்தூரான்:
வாத்தியாருக்குப் பதில் வராத இடத்தில் போர்த்துகீசியம் வரும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நகையைப் பற்றிப் பேசியபோதும் இதே கதைதான். 1 பேதுரு 3:3ஐ வைத்துக்கொண்டு இங்கே இருந்த சகோதரிகளின் கம்மலையும் வளையலையும் ஒவ்வொன்றாகக் கழற்றினீர்கள். அடுத்த வசனத்தில் "சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி" என்று இருக்கிறதே என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. இப்போது கம்மல் போய் 520 வந்திருக்கிறது. உபாகமம் 14ஐத் திறந்து பாருங்கள். மூன்றாம் வருடத்துத் தசமபாகம் லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் வாசலில் வைத்துப் புசித்துத் திருப்தியாகும்படி கொடுக்க வேண்டியது. நான் போகிற சபையில் கோபுரத்துக்கு மூன்று வருடத்தில் இரண்டு முறை வர்ணம் அடித்தார்கள். பக்கத்துத் தெருவில் விதவை ஒருத்தியின் ஓட்டு வீடு மழைக்கு ஒழுகுகிறது. மல்கியாவைக் காட்டி, தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்று அதட்டுகிறவர்கள் பண்டசாலையின் வாசலைத் திறந்து காட்டட்டும்.

பாளை வாத்தியார்:
உங்கள் சபைக் கோபுரத்துக்கு நான் வர்ணம் அடிக்கவில்லை. கணக்குக் கேட்கும் உரிமை கொடுத்தவனுக்கு உண்டு, கேளுங்கள், நானும் கூட நிற்பேன். எங்கள் சபைக் கூட்டத்தில் சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையின் கணக்கை எழுந்து நின்று கேட்டு, அதனால் பல மாதம் யாரும் என்னோடு பேசாமல் இருந்ததுண்டு. ஆனால் அவர்கள் தப்பாகச் செலவழிக்கிறார்கள் என்பதற்காக நான் குறைத்துக் கொடுப்பேன் என்பது சாக்கு. நெகேமியா 13இல் லேவியர் தங்கள் பங்கு கிடைக்காமல் வயல்வெளிகளுக்கு ஓடிப்போனார்கள். எங்கள் பக்கத்துக் கிராமச் சபையில் ஊழியம் செய்யும் உபதேசியார் மாலை நேரத்தில் டியூஷன் எடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். அந்தச் சபையிலும் படித்த, சம்பளம் வாங்குகிற ஆட்கள் நிறைய. எல்லாரும் "கைக்கு வந்தது" கணக்குக்காரர்கள். ஒவ்வொரு வீட்டிலும் 520 குறைந்தால் உபதேசியார் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்கு இது வேத ஆராய்ச்சி அல்ல. அந்த மனிதரின் செருப்பை நான் பார்த்திருக்கிறேன்.

கணக்கர்:
160.

தூத்துக்குடி மகள்:
உபதேசியாருக்காகக் கேட்டிருந்தால் 520 என்ன, 1,000 கொடுத்திருப்பேன். "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்ற வசனத்துக்கு முன்னால் "கட்டாயமாயுமல்ல" என்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, வஞ்சகி என்றீர்கள். "என் சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் செலுத்திவருகிறேன்" என்று பிடித்தத்துக்கு முன்னால் கணக்குப் போட்டு ஆலயத்தில் நின்று சொன்னவன் யார் என்று லூக்கா 18இல் பாருங்கள். அந்தப் பரிசேயன் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போகவில்லை. இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். பிடித்தத்துக்கும் சேர்த்து 34 வருடம் கொடுத்தேன் என்கிறீர்கள். நம்புகிறேன். ஓய்வுபெற்றபோது வைப்பு நிதியோடு வட்டியும் வந்ததே, பணிக்கொடை வந்ததே, அவற்றுக்குப் பத்தில் ஒன்று கொடுத்தீர்களா?

பாளை வாத்தியார்:
நீ தர்மம் செய்யும்போது உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது. மத்தேயு 6:3.

நாசரேத்தூரான்:
34 வருடக் கணக்கு இரண்டு கைக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். வட்டிக் கணக்கு மட்டும் வலதுகைக்கு ரகசியமா? அருமை, வாத்தியாரே.

பாளை வாத்தியார்:
தம்பி, உங்கள் வயதில் எனக்கும் வாய் இருந்தது. வட்டியைப் பற்றிப் பேச நான் இங்கே வரவில்லை. மாதச் சம்பளம், பிடித்தத்துக்கு முன்னா, பின்னா என்பது மட்டுமே கேள்வி. முன். நீதிமொழிகள் 3:9. எத்தனை முறை கேட்டாலும் முன்.

வேளாங்கண்ணி யாத்திரிகன்:
ஏழை விதவை போட்ட இரண்டு காசுக்கு ஆண்டவர் சதவீதம் பார்க்கவில்லை. அவள் போட்டது முழு ஜீவனம். உங்களில் ஒருவரும் அந்தப் பெண்ணை நினைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

நாட்டு மருந்துக் கடைக்காரன்:
சோம்பு இல்லை என்பதை இன்னும் நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

தூத்துக்குடி மகள்:
ஐயா, மறுபடி கேட்கிறேன். வட்டிக்குக் கொடுத்தீர்களா, இல்லையா? வருகிற ஞாயிறு என் உறையில் 3,480 இருக்கும். மாமியார்தான் தன் கையால் போடப்போகிறார்.

பாளை வாத்தியார்:
அப்படியானால் 520 குறைகிறது, மகளே. அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். முதற்பலன் என்ற சொல் எபிரெயத்தில் எப்படி வருகிறது என்று நாளை காலை விரிவாக எழுதுகிறேன். சதகுப்பைக்காரருக்கும் பதில் பாக்கி இருக்கிறது.