சுந்தர் பிச்சை பற்றி வகுப்புச் சுவருக்கு ஒரு சார்ட்: இந்தக் குறிப்பு சரியா?

மேலூர் டீச்சர்:
பிளஸ் டூ பிள்ளைகளுக்காக வகுப்பில் ஒரு சார்ட் ஒட்டப் போகிறோம். 150 சொல்லுக்கு மேல் இடமில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு இது: "மதுரையில் பிறந்து வளர்ந்தவர். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். குரோமைக் கண்டுபிடித்தவர். 2015-ல் ஆல்பபெட் தலைவர் ஆனார்." அப்படியே எழுதலாமா?

புதூர் ஆள்:
இதில் தேறுவது "மதுரையில் பிறந்து" வரைக்கும்தான், டீச்சர். பிறந்தது 1972 ஜூன் 10. வளர்ந்தது சென்னை அசோக் நகர். பிளஸ் டூ முடித்தது ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் இருக்கும் வனவாணி பள்ளி. அப்பா எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், அம்மா ஸ்டெனோகிராபராக இருந்தவர். ஐஐடி காரக்பூரில் 1993-ல் பி.டெக். முடித்தது மெட்டலர்ஜியில், அதாவது உலோகவியலில். பிறகு ஸ்டான்ஃபோர்டில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் எம்.எஸ்., 2002-ல் வார்ட்டனில் எம்.பி.ஏ.

இயற்பெயர் பிச்சை சுந்தரராஜன். நம்ம ஊர் இனிஷியல் வழக்கம்தான், "பிச்சை" அப்பா பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் "மிஸ்டர் பிச்சை" என்று கூப்பிடும்போதெல்லாம் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள்! கல்லூரிக் காலத்துச் செய்தி தேடினால் பி. சுந்தரராஜன் என்று தேடுங்கள்.

மேலூர் டீச்சர்:
உலோகவியல் படித்தவர் கூகுளுக்குள் எப்படிப் போனார்? பிள்ளைகள் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

வைகை வடகரை:
உலோகவியல் என்றாலே இரும்பாலை என்று நினைப்பதால் வரும் குழப்பம். சிலிக்கான் சிப் செய்வதே மெட்டீரியல்ஸ் வேலைதான். வட்டத் தகட்டின் மேல் மெல்லிய படலங்களை அடுக்கடுக்காகப் படிய வைப்பார்கள், வேண்டாத இடத்தை அரித்தெடுப்பார்கள். அந்த வேலைக்கான எந்திரங்களைச் செய்யும் அப்ளைடு மெட்டீரியல்ஸில் இருந்தார். எம்.பி.ஏ.வுக்குப் பிறகு கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் மெக்கின்சி. 2004 ஏப்ரல் 1 அன்று, ஜிமெயில் அறிவிப்பு வந்த அதே நாளில், கூகுளில் இன்டர்வியூவுக்குப் போனார். அந்த மாதமே சேர்ந்தார். கோடு எழுதப் போகவில்லை. புராடக்ட் மேனேஜ்மென்ட் வேலை, அதாவது ஒரு புராடக்டில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்து நடத்துவது.

சார்ட்டில் எதற்கு இடம் கொடுக்காவிட்டாலும் டூல்பாருக்குக் கொடுங்கள். யாரும் எழுதுவதில்லை, ஆனால் கதையின் முடிச்சு அங்கேதான். அப்போது பெரும்பாலானோர் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசர்தான். கூகுளுக்குச் சோறு போட்டது தேடலோடு வரும் விளம்பரம். தேட வருகிற வாசலோ போட்டிக்காரர் கையில். எக்ஸ்புளோரரின் தலையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டைதான் கூகுள் டூல்பார். அடுத்தவர் திண்ணையில் கடை விரித்த மாதிரி. அதைப் பரப்பும் பொறுப்பு இவருடையது. 2006-ல் எக்ஸ்புளோரர் 7 தன் தேடல் பெட்டியோடு வந்தபோது, திண்ணைக்காரர் எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடலாம் என்பது வெளிச்சமாகிவிட்டது. சொந்தமாக பிரவுசர் வேண்டும் என்ற வாதம் வலுத்தது அதனால்தான்.

2008 செப்டம்பர் 2 குரோம் வந்தது, முதலில் விண்டோஸுக்கு மட்டும். ஒவ்வொரு டேபும் தனித்தனி புராசஸாக ஓடும். ஒன்று தொங்கினால் மற்றவை விழாது. அதற்குக் கூலி, கம்ப்யூட்டரின் ராம் (RAM) நினைவகத்தை அள்ளித் தின்னும். வேகத்துக்குக் காரணமான, வெப் பக்கங்களின் ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் வி8 எஞ்சினை எழுதியது டென்மார்க்கில் லார்ஸ் பாக்கின் குழு. ஆகவே "கண்டுபிடித்தவர்" வேண்டாம், "குரோமை வழிநடத்தியவர்" என்று போடுங்கள். 2013-ல் ஆண்ட்ராய்டும் இவர் பொறுப்புக்கு வந்தது.

புதூர் ஆள்:
கடைசி வரி பாக்கி இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 10 அன்று அறிவித்தது கூகுளின் சிஇஓ பதவியை. கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்பபெட்டுக்கு அப்போது சிஇஓ, கூகுளைத் தொடங்கிய இருவரில் ஒருவரான லாரி பேஜ். இவர் அங்கே வந்தது 2019 டிசம்பரில். "தலைவர்" என்றும் எழுதாதீர்கள். இயக்குநர் குழுத் தலைவர் வேறு ஆள், இவர் தலைமைச் செயல் அதிகாரி. சரிபார்க்க, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் ஆல்பபெட் பெயரைப் போட்டு "டெஃப் 14ஏ" (DEF 14A) என்ற ஆவணத்தைத் திறங்கள். வருஷா வருஷம் வரும். இயக்குநர்களின் படிப்பு, பதவி, ஆண்டு எல்லாம் கம்பெனி வாயாலேயே இருக்கும்.

கீழவாசல்:
மதுரையில் படித்தவர்தான் வேண்டும் என்றால் ஷிவ் நாடாரைப் போடுங்க டீச்சர். பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். இங்கே இளங்கோ மாநகராட்சிப் பள்ளி, பிறகு அமெரிக்கன் கல்லூரியில் பி.யூ.சி., கோவை பி.எஸ்.ஜி.யில் இன்ஜினியரிங். 1976-ல் எச்சிஎல் கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கினார். பி.யூ.சி. என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. பிளஸ் டூ வருவதற்கு முன் கல்லூரியில் படித்த ஓராண்டு என்று அடைப்புக்குறியில் போட்டுவிடுங்க.

மேலூர் டீச்சர்:
இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு சார்ட் போட்டுவிடுகிறேன். பிச்சை சார்ட்டின் முதல் வரி: "மதுரையில் பிறந்தார், சென்னையில் வளர்ந்தார், உலோகவியல் படித்தார்." சரிதானே?

புதூர் ஆள்:
சரி. டூல்பாருக்கு நாலு வரி மிச்சம் வையுங்க.