சாண்டா கிளாரா கவுண்டியிலிருந்து இரண்டு வரிச் சீட்டுகள்: வங்கி கட்டுமா, நாங்கள் கட்ட வேண்டுமா?

அல்லிக்கொடி:
வணக்கம். அவசரமாக ஒரு சந்தேகம். 2024 மார்ச்சில் கலிஃபோர்னியாவில், சாண்டா கிளாரா கவுண்டியில் (மாவட்டம் போன்றது) உள்ள மில்பீடாஸில் வீடு வாங்கினோம். விலை 15 லட்சம் டாலர். சொத்து வரிக்கான தொகையைக் கடன் தவணையோடு சேர்த்து வங்கியே பிடித்து, எஸ்க்ரோ கணக்கிலிருந்து கட்டிவிடுகிறது. டிசம்பரில் 2,400 டாலர் போனது. நினைத்ததைவிடக் குறைவாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம்.

நேற்று தபாலில் இரண்டு உறைகள் வந்தன. உறைமேல் நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த சன்னிவேல் முகவரி, அதை மறைத்துத் தபால் நிலையத்தின் மஞ்சள் ஒட்டுச்சீட்டு. ஒன்று 2023-24க்கு 3,300 டாலர், மற்றொன்று 2024-25க்கு 13,200 டாலர். இரண்டுக்கும் முதல் தவணைக் கெடு பிப்ரவரி 28. "பத்திர நகல் எடுத்துத் தருகிறோம், பணம் அனுப்புங்கள்" என்று வீடு வாங்கியதிலிருந்து வரும் கடிதங்களோடு சேர்த்து இவற்றையும் குப்பையில் போடப் பார்த்தார் என் கணவர். இது உண்மையான சீட்டுதானா? 2024-25க்குத்தான் ஏற்கெனவே கட்டி வருகிறோமே, அதே ஆண்டுக்கு இன்னொன்று எதற்கு?

கணக்கர்_சான்ஹொசே:
அம்மா, முதலில் அந்த உறைகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். சீட்டில் உள்ள மனை எண்ணும் உங்கள் கிரயப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு வரி வசூல் அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கேயும் இதே தொகை தெரிந்தால் சீட்டு அசல்தான். உறையில் வந்த தொலைபேசி எண்ணை நம்பி அழைக்க வேண்டாம்.

இரண்டு முறை வரி போட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1978-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவின்படி, வீடு ஒருவர் கையில் இருக்கும்வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கைமாறும்போதுதான் சந்தை விலைக்குத் தாவும். உங்களுக்கு விற்றவர் நெடுங்காலம் அங்கே குடியிருந்தவராக இருக்க வேண்டும். டிசம்பரில் 2,400 என்றால் ஆண்டுக்கு 4,800. வரி வீதம் 1.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பழைய மதிப்பு 4 லட்சம்தான். மீதி 11 லட்சத்துக்கான வரியைத்தான் இந்தத் துணை வரிச் சீட்டுகளில் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 13,200.

நிதியாண்டு ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 முடிகிறது. மார்ச்சில் வாங்கியதால் கணக்கு ஏப்ரல் 1 முதல். 2023-24இல் மிச்சம் மூன்று மாதம், அதாவது கால் பங்கு: 3,300. அடுத்த ஆண்டின் வரிப் பட்டியலுக்கு ஜனவரி 1 நிலவரமே கணக்கு. அன்றைக்கு வீடு பழைய உரிமையாளர் பெயரில்தான் இருந்தது. அதனால் 2024-25க்கும் பழைய மதிப்பிலேயே வழக்கமான சீட்டு வந்தது, வித்தியாசம் தனிச் சீட்டாக வருகிறது. ஜனவரி முதல் மே முடிய வாங்குகிற எல்லாருக்கும் இப்படி இரண்டு சீட்டுகள்தான்.

அல்லிக்கொடி:
ஐயா, இப்போதுதான் மூச்சு வந்தது. மனை எண் பொருந்துகிறது, தளத்திலும் அதே தொகைதான். எங்கள் வங்கிக்குத் தொலைபேசினேன். "துணை வரிச் சீட்டு உங்கள் பொறுப்பு, எஸ்க்ரோவில் அதற்கு ஒதுக்கீடு இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஓராண்டாக ஒருவர்கூட இதை எங்களிடம் சொல்லவில்லை. சீட்டு பழைய முகவரிக்குப் போனதைக் காட்டி அவகாசம் கேட்க முடியுமா?

கணக்கர்_சான்ஹொசே:
அதை நம்பி இருக்காதீர்கள், அம்மா. சீட்டு கைக்கு வரவில்லை என்றாலும் வரி கட்டியாக வேண்டும் என்பதுதான் சட்டம். கெடு தாண்டினால் 10 சதவீத அபராதம். இப்போது கட்ட வேண்டியது இரண்டு சீட்டின் முதல் தவணைகள் மட்டும்: 1,650, 6,600, ஆக 8,250. இரண்டாம் தவணைக்கு ஜூன் 30 வரை நேரம் இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து இணையவழிக் காசோலையாகக் கட்டினால் கட்டணம் இல்லை. கடன் அட்டை வேண்டாம், இவ்வளவு பெரிய தொகைக்கு அதன் கட்டணமே வலிக்கும்.

வேம்பு_குப்பர்டினோ:
அக்கா, அந்த மஞ்சள் ஒட்டுச்சீட்டை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் "வரிச் சீட்டு அனுப்ப வேண்டிய முகவரி" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்திடும்போது அங்கே உங்கள் வாடகை வீட்டு முகவரியை எழுதியிருப்பார்கள், கவுண்டி அதைத்தான் பின்பற்றுகிறது. தபால் நிலையம் முகவரி மாற்றி அனுப்புவது 12 மாதத்துக்குத்தான். நீங்கள் குடிவந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஜூன் தவணைக்குள் யாரும் நினைவுக் கடிதம் அனுப்புவார்கள் என்று காத்திருக்காமல், வீட்டின் வரி மதிப்பைக் கணக்கிடும் கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் இப்போதே முகவரியை மாற்றுங்கள்.

அங்கேயே வீட்டு உரிமையாளர் விலக்குக்கும் விண்ணப்பியுங்கள். குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் 7,000 டாலர் கழியும், ஆண்டுக்குச் சுமார் 70 டாலர் மிச்சம். இந்த ஆண்டுக்கு முழுமையாகக் கிடைக்கக் கடைசி நாள் பிப்ரவரி 15. விண்ணப்பம் இலவசம். "நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள். என் மாமியார் அனுப்பிவிட்டார், எனக்கு இன்னும் ஆறவில்லை. அரசு முத்திரை போலவே ஒன்றை அச்சிட்டிருந்தார்கள்.

அல்லிக்கொடி:
இரண்டு முதல் தவணைகளும் கட்டி, ரசீதை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிட்டேன். முகவரி மாற்றப் படிவமும் விலக்கு விண்ணப்பமும் இன்றே போய்விட்டன. வேம்பு, உனக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி.

கணக்கர்_சான்ஹொசே:
நல்லது, அம்மா. இன்னும் ஒன்று. 2025-26 சீட்டு முழுதாக 15 லட்சத்தின் மேல், 18,000 டாலருக்கு மேல் வரும். வங்கி இப்போது மாதம் 400 டாலர் கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும், அது 1,500ஐத் தாண்ட வேண்டியிருக்கும். நவம்பர் வரை பொறுக்காமல் எஸ்க்ரோவை மறுகணக்குப் போடச் சொல்லி இப்போதே எழுதிக் கேளுங்கள்.