சம்பந்தியை விசா படிவத்தில் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்க அம்மா விசிட் விசாவுக்குப் போடுகிறார். வீடு தங்கையின் மாமியார் பெயரில் இருப்பதால் அழைப்புக் கடிதம் தருவது அவர்தான், அதாவது அம்மாவின் சம்பந்தி. அவருக்கும் அம்மாவுக்கும் என்ன உறவு என்று கேட்கும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

டவுனில் படிவம் அடித்துத் தரும் கொமியூனிகேஷன் கடையில் 'மதர் இன் லோ' என்று அடித்துத் தந்தார்கள். அப்படியென்றால் அவர் அப்பாவைப் பெற்றவராகிவிடுவார்! தெரிந்த டீச்சர் 'சிஸ்டர் இன் லோ' போடச் சொன்னார். நாத்தனார், அண்ணி, கொழுந்தியாள், ஓரகத்தி எல்லோரையும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள், சரி. ஆனால் சம்பந்தி அதிலும் சேரமாட்டார். அகராதியிலும் தனிச்சொல் கிடைக்கவில்லை. இணையத்தில் 'கோ மதர் இன் லோ' என்று ஒன்று வருகிறது, அது அங்கே உள்ளவர்களுக்குப் புரியுமா என்பது சந்தேகம்.

தங்கையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, மாப்பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாம் மொழிபெயர்ப்போடு கையில் இருக்கின்றன. அடுத்த கிழமை அனுப்ப வேண்டும்.

இப்படி சம்பந்தி அழைத்து யாராவது போயிருந்தால் சொல்லுங்கள்: 'மை டோட்டர்ஸ் மதர் இன் லோ' என்று விரித்து எழுதினால் ஏற்றுக்கொள்கிறார்களா?